கொல்லத்திலிருந்து ஆலப்புழாவுக்குக் காயல் வழியே: ராத்திரி படகை எங்கே கட்டுவது என்பதிலிருந்து திட்டம் போடுங்கள்

ஆலப்புழா ஹவுஸ்போட் எல்லாருக்கும் தெரியும். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏறி, இரண்டு காயலைச் சுற்றி, சாயங்காலம் ஒரு தென்னந்தோப்பு ஓரமாகக் கட்டிப்போட்டுத் தூங்கி, காலையில் இட்லி சாப்பிட்டு ஒன்பது மணிக்கு ஏறிய இடத்திலேயே இறங்குவது. நல்லாத்தான் இருக்கும், ஆனால் அது மிதக்கிற லாட்ஜ், பயணம் இல்லை. ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்க வேண்டும், நடுவில் ஆழமில்லாத காயல்களையும், கதவு திறந்து படகை விடுகிற லாக்கையும் தாண்ட வேண்டும் என்று ஆசை இருந்தால் கொல்லம் - ஆலப்புழா வழியைப் பாருங்கள். 1993-ல் மூன்றாம் தேசிய நீர்வழி என்று அறிவித்த 168 கிலோமீட்டர் கொல்லம் - கோட்டப்புரம் பாதையின் தெற்குப் பாதி இது, சுமார் 80 கிலோமீட்டர். பெரும்பாலும் கடலுக்குப் பக்கத்திலேயே போகிறது, சில இடங்களில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் பட்டைதான். நமக்கும் பக்கிங்ஹாம் கால்வாயில் இதே மாதிரி லாக்குகளும் படகுகளும் இருந்தன, அதை நாம் சாக்கடையாக்கிவிட்டோம், அது வேறு கதை.

படகு எப்படி, சாப்பாடு என்ன, ஏசி உண்டா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் படகு எங்கே நிற்கும் என்று. மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காரணம், ஹவுஸ்போட்டுகள் இருட்டிய பிறகு ஓடக் கூடாது. ராத்திரி காயல் மீனவர்களுடையது, அவர்கள் வலை கட்டிவிடுவார்கள், மோட்டார் போட்டுக் கொண்டு போனால் அவர்கள் பிழைப்பும் போகும், உங்கள் புரொப்பெல்லரிலும் வலை சுற்றும். ஐந்தரை, ஆறு மணிக்குள் கட்டிவிட்டு மறுநாள் காலை எட்டு, ஒன்பதுக்குத்தான் அவிழ்ப்பார்கள். "கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம், ராத்திரி ஓட்டுங்க" என்று பேரம் பேசாதீர்கள். இதே வழியில் 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ராத்திரி கிளம்பிய ரிடீமர் என்ற படகு பல்லனாவில் கவிழ்ந்துதான் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் இறந்தார். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு. அந்த இடத்தை நீங்களும் தாண்டித்தான் போவீர்கள், கரையில் நினைவிடம் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஹவுஸ்போட் மணிக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்தான் போகும், அதுவும் அகலமான தண்ணீரில். குறுகிய தோடுகளில், அதாவது வீட்டு வாசலை ஒட்டிப் போகும் கால்வாய்களில், வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலை கரையை அரிக்கும், துணி துவைத்துக்கொண்டிருக்கும் அம்மா திட்டுவார், திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், லாக்கில் காத்திருப்பு, பாசி சிக்கினால் எடுக்கிற நேரம் எல்லாம் சேர்த்தால் 80 கிலோமீட்டர் ஒரே பகலில் முடியாது. அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் சுற்றுலாப் படகு ஓடும் காலங்களில் காலை பத்தரைக்குக் கிளம்பி எட்டு மணி நேரத்தில் முடிக்கிறது, ஆனால் அது அதற்கென்றே இருக்கிற படகு, ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். நீங்கள் இரண்டு பகல், ஒரு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி நிற்க நல்ல இடம் காயங்குளம் காயல் பகுதி. ஆயிரம்தெங்கு, ஆலும்கடவு, மாதா அமிர்தானந்தமயி ஆசிரமம் இருக்கும் அமிர்தபுரி எல்லாம் அந்தப் பக்கம்தான். கொல்லத்தில் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் நாலு, நாலரைக்கு இங்கே வந்துவிடலாம், ஒரு மணி நேரம் கையில் மிச்சம் இருக்கும், அந்த மிச்சம் கட்டாயம் வேண்டும். மறுநாள் காலையில் திருக்குன்னப்புழா லாக், மதியத்துக்குப் பிறகு ஆலப்புழா. தலைகீழாக, முதல் நாளே லாக்கைத் தாண்டிவிடலாம் என்று போட்டால், கதவில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் ராத்திரி நிற்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது படகு. ஆலப்புழாவில் நூற்றுக்கணக்கில் படகு இருந்தாலும் இந்த வழிக்கு வருகிறவர்கள் குறைவு, ஏனென்றால் ஒருவழிப் பயணத்தில் காலிப் படகைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அந்த டீசலும் ஆள் கூலியும் உங்கள் தலையில்தான் விழும், அதை ஒளிக்காமல் முதலிலேயே சேர்த்துச் சொல்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய படகு வேண்டவே வேண்டாம். ஐந்து படுக்கையறை, மாடி, மேலே உட்கார இடம் என்று இருக்கும் படகுகள் ஆலப்புழாவைச் சுற்றத்தான் சரி, இந்த வழியில் லாக்கின் அகலமும் சில பழைய பாலங்களின் உயரமும் அவற்றுக்கு இடம் கொடுக்காது. ஒன்று அல்லது இரண்டு அறை, மாடி இல்லாத கெட்டுவள்ளம், அதாவது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, போதும். உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உங்க படகு போகுமா?" என்பது அல்ல, எல்லாரும் போகும் என்றுதான் சொல்வார்கள். "இந்தப் படகு கடைசியா எப்ப திருக்குன்னப்புழா லாக் வழியா போச்சு, ஓட்டினவர் யார், அவர்தான் வருவாரா?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் அடுத்த படகைப் பாருங்கள்.

படகின் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கும், கேரளத்தில் அது கேஐவி என்று ஆரம்பிக்கும். எண் இல்லாத படகில் ஏறாதீர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதும் பதிவில் இருக்கும், பெரியம்மா குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்று கடைசி நேரத்தில் ஆளைக் கூட்டாதீர்கள். ஆழமில்லாத காயல்தானே, விழுந்தாலும் எழுந்து நிற்கலாம் என்ற நினைப்பு ரொம்ப ஆபத்தானது. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டத் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர். இரண்டுமே நடுக்கடலில் நடந்தவை அல்ல. லைஃப் ஜாக்கெட் கட்டிலுக்கடியில் மூட்டையாகக் கிடந்தால் பிரயோஜனமில்லை, ஏறினவுடன் எடுத்து, குழந்தைகளுக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.

வழியில் என்ன எதிர்பார்க்கலாம் என்று கொஞ்சம் சொல்கிறேன். கொல்லத்தில் படகுத்துறை அரசுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிளம்பியதும் அஷ்டமுடிக் காயல், அகலமான தண்ணீர். நீண்டகரையில் இந்தக் காயல் கடலோடு சேர்கிறது, அதனால் அந்தப் பக்கம் நீரோட்டமும் இருக்கும், பெரிய மீன்பிடிப் படகுகளும் வரும், காலையில் காற்று எழும்புவதற்கு முன் இதைத் தாண்டிவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசினால், தட்டையான அடிப்பாகமும் உயரமான கூரையும் உள்ள கெட்டுவள்ளம் பக்கவாட்டில் தள்ளப்படும், ஓட்டுகிறவர் நேராக வைக்கவே படாதபாடு படுவார். அஷ்டமுடியில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நின்றுகொண்டு சிப்பி அள்ளுவதைப் பார்ப்பீர்கள். அழகான காட்சி, கூடவே எச்சரிக்கையும்: அவர் நிற்கிற இடத்தில் உங்கள் படகு போகாது. வழியைக் காட்டும் மிதவைகளுக்கு நடுவிலேயே போக வேண்டும், குறுக்கு வழி கேட்காதீர்கள்.

அப்புறம் சவரா தோடு, கருமணல் ஊர். அதைத் தாண்டினால் காயங்குளம் காயல், நீளமாக, ஒல்லியாக, ரொம்ப இடங்களில் ஆழமில்லாமல். இங்கே சீனவலைகள் வரிசையாக நிற்கும், தண்ணீரில் ஊன்றிய கம்புகளில் வலை கட்டியிருப்பார்கள். ஆலும்கடவில் நின்றால் கெட்டுவள்ளம் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம், ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைப்பது இந்தப் பக்கத்துக் கைவேலை. எனக்கு இந்த வழியில் பிடித்த பகுதியே இந்தக் காயல்தான். ஆலப்புழா மாதிரி படகு நெரிசல் கிடையாது, ராத்திரி ஒரு பக்கம் கடல் சத்தம் கேட்கும்.

மறுநாள் திருக்குன்னப்புழா. உள்ளூரில் சீப்பு என்று கேட்டால் காட்டுவார்கள். தெற்கே உப்புத் தண்ணீர், வடக்கே குட்டநாட்டு வயல்களின் நல்ல தண்ணீர், இரண்டும் கலக்காமல் படகு மட்டும் போக வர ஏற்பாடு. கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயலில் நெல் விளைய வேண்டும் என்றால் உப்பை இப்படி வெளியே நிறுத்தித்தான் ஆக வேண்டும். வேலை எளிது: முதல் கதவு திறக்கும், உள்ளே போவீர்கள், அது மூடும், தண்ணீர் மட்டம் சமமாகும், அடுத்த கதவு திறக்கும். பனாமா மாதிரி மாடி ஏறுவதெல்லாம் இல்லை, மட்ட வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனாலும் உள்ளே போகும்போது கையைப் படகுக்கு வெளியே நீட்டக் கூடாது, சுவரைக் காலால் உதைத்துத் தள்ளக் கூடாது, படகுக்கும் சுவருக்கும் நடுவே கையோ காலோ மாட்டினால் எலும்பு தாங்காது. பக்கவாட்டில் பழைய டயர்கள் தொங்க வேண்டும், கயிற்றை இறுக்கிக் கட்டாமல் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு மட்டம் மாறும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் படகுக்காரர்கள் வேலை, நீங்கள் செய்ய வேண்டியது குழந்தைகளோடு உள்பக்கமாக உட்கார்ந்திருப்பது மட்டும். முக்கியமாக, கிளம்புவதற்கு முந்தின நாள் லாக் வேலை செய்கிறதா என்று படகுக்காரரை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் வேலை நடந்தால் படகுகளை விட மாட்டார்கள், அப்போது உங்கள் பயணம் லாக் வாசலோடு முடிந்து ஆட்டோவில் தொடரும்.

லாக்கைத் தாண்டியதும் ஆகாயத்தாமரை வரும். உப்பில் அது பிழைக்காது, நல்ல தண்ணீரில் கம்பளம் விரித்த மாதிரி பரவும். படர்ந்த இடத்தில் வேகமாகப் போனால் புரொப்பெல்லரில் சுற்றி எஞ்சின் சூடாகும், மெதுவாகப் போய், அவ்வப்போது பின்னோக்கிச் சுழற்றி உதறிவிட்டுப் போக வேண்டும். பல்லனா, தோட்டப்பள்ளி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பி ஆலப்புழா. தோட்டப்பள்ளியில் குட்டநாட்டு வெள்ளத்தைக் கடலுக்கு விடுகிற பெரிய மதகு இருக்கிறது. மழைக்காலத்தில் அதைத் திறந்துவிட்டால் இழுப்பு பலமாக இருக்கும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பயணமே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மழையைவிட அதுதான் காரணம். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் இடி மின்னல். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சிறந்த காலம்.

ஆலப்புழாவோடு நிற்காமல் வேம்பநாட்டைத் தாண்டிக் கொச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு, தண்ணீர்முக்கம் தடுப்பணை. இதுவும் உப்பைத் தடுக்கத்தான். வழக்கமாக டிசம்பர் நடுவில் ஷட்டர்களை இறக்குவார்கள், அறுவடையைப் பொறுத்து மார்ச், ஏப்ரல் என்று திறப்பு தள்ளிப் போகும். நெல் விவசாயிகள் மூடியிருக்க வேண்டும் என்பார்கள், மீனவர்கள் திற என்பார்கள், அதனால் தேதி வருஷா வருஷம் மாறும். மூடியிருக்கும் மாதங்களில் லாக் வழியாகத்தான் போக முடியும், அதற்கு அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வேம்பநாட்டின் அகலப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

தரை தட்டினால் பயப்பட வேண்டாம், சேறுதான். எஞ்சினை முறுக்கினால் இன்னும் உள்ளே புதையும், குளிர்விக்கும் குழாயில் சேறு ஏறும். எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் படகில் தண்ணீர் ஆழமாக இருக்கும் பக்கத்துக்கு மெதுவாக நகர்ந்து, மூங்கில் கழியால் வந்த வழியே பின்னால் தள்ளுவதுதான் முறை. அசையவில்லை என்றால் கடல் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் தட்டின படகுக்குச் சாண் தண்ணீர் ஏறினாலே போதும். யாரும் தள்ளுகிறேன் என்று இறங்க வேண்டாம், சேற்றில் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும்.

சாமான் அதிகம் வேண்டாம். கொசு மருந்து, டார்ச், பவர் பேங்க், குடிதண்ணீர் கேன் கூடுதலாக ஒன்று. ஏசி பொதுவாக ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான் ஓடும், ஜெனரேட்டர் சத்தத்தோடு. காயல் கரையில் அது இல்லாமலே தூங்கலாம், கொசுவலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கழிவறைத் தண்ணீர் தொட்டியில் சேர்கிறதா, நேரே காயலில் விழுகிறதா என்றும் கேளுங்கள், அதே தண்ணீரில்தான் நீங்கள் சாப்பிடப்போகும் கரிமீன் வளர்கிறது.

தனிப் படகு செலவு கட்டுப்படியாகாது என்றால், அரசுப் படகு தினமும் ஓடும் சமயம் பார்த்து அதில் ஏறி, நடுவில் அமிர்தபுரியில் இறங்கி ராத்திரி தங்கி, மறுநாள் ஆலப்புழா போகும் அரசுப் படகைப் பிடிக்கலாம். படகு ஓடுகிறதா என்று கொல்லம் படகுத்துறையில் விசாரித்த பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.

ரயில் என்றதும் ஒரு விஷயம். சென்னையிலிருந்து கொல்லத்துக்குச் செங்கோட்டை வழியாகவும் நாகர்கோவில் வழியாகவும் வண்டி இருக்கிறது, ஆலப்புழாவிலிருந்து சென்னைக்கும் நேர் வண்டி உண்டு, அதனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஆனால் இறங்கும் அன்றைக்கே திரும்பும் வண்டிக்கு முன்பதிவு செய்யாதீர்கள், அது பிற்பகலில் கிளம்பிவிடும், லாக்கில் ஒரு கதவு தாமதித்தால் போச்சு. அன்று ராத்திரி ஆலப்புழா படகுத்துறைப் பக்கம் ஒரு சாதாரண அறை எடுத்துத் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள்.