ஆன்டிலோப் கேன்யன் போகிறீர்களா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள குறுகலான பாறைப் பள்ளத்தாக்கு ஆன்டிலோப் கேன்யன். அது அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பலர் ஏமாறுவது நேரத்தில்தான். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான ‘நவஹோ நாடு’ மாற்றுகிறது. கோடையில் அந்தப் பக்கம் போனால் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் தாவிவிடலாம். உங்கள் டிக்கெட் எந்த நேரப்படி என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேன்யனில் மேல், கீழ் என்று இரண்டு பகுதிகள். மேல் கேன்யனில் தரை சமம். கோடை நண்பகலில் மேலிருந்து வெயில் ஒரு தூணாக மணலில் இறங்கும், அதில் தூசி மிதப்பது கண்ணுக்குத் தெரியும். கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்பு ஏணிகள். முட்டிவலி உள்ளவர்களுக்கு மேல் கேன்யனே நல்லது.

மழை எச்சரிக்கையால் பயணம் ரத்தானால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள். 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து, கீழ்க் கேன்யனில் 11 பேர் இறந்துபோனார்கள்.

மேல் கேன்யனின் நவஹோ பெயருக்கு ‘பாறைகளுக்குள் தண்ணீர் ஓடும் இடம்’ என்று பொருள். அதைச் சரியாக உச்சரிப்பது எப்படி என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ‘யா அத்தே’ என்று வணக்கம் சொல்லுங்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

அப்புறம், சூடான ஃப்ரை பிரெட் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். நம் பூரியைவிடத் தடிமன், உள்ளே மெத்தென்று இருக்கும். 1864-இல் சொந்த மண்ணிலிருந்து நடத்தியே விரட்டப்பட்ட நவஹோ மக்கள், ரேஷனில் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்துச் சுட்ட ரொட்டி அது.