இறந்தவரின் பீரோவைப் பிரிக்கும்போது

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "உதவிக்கு ஆள் இருக்கும்போதே பீரோவைக் காலி பண்ணிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அந்த வாரத்தில் ஒன்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடுவோம், இல்லையென்றால் எதையும் தொடமாட்டோம்.

முதலில் காகிதங்கள் மட்டும். சட்டைப் பை, புடவை மடிப்பு, தலையணை உறை வரை தடவிப் பாருங்கள். லாக்கர் சாவியும் அடகுச் சீட்டும் பழைய துணியோடுதான் வீட்டைவிட்டுப் போகும்.

போன் எண்ணை உடனே சரண்டர் செய்யாதீர்கள். எந்த வங்கி, எந்த இன்ஷூரன்ஸ் என்பதை அதற்கு வரும் குறுஞ்செய்திகளே காட்டிக்கொடுக்கும். (அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்துப் பணம் எடுப்பது தவறு, நாமினி வழியாகக் கேளுங்கள்.) 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக அழிந்துவிடும். அவர் அனுப்பிய குரல் பதிவுகளை இப்போதே, மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

துணியில் கல்யாணப் பட்டை முதலில் எடுத்தால் அன்றைய வேலை அதோடு சரி. துண்டு, போர்வை, வீட்டில் கட்டும் சேலை என்று தொடங்குங்கள். கடைசியாக உடுத்தியதில் ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வைக்கலாம். ஒரு சலவையில் வாசனை போய்விடும். ஈரமில்லாமல் உலரவிட்டு ஜிப் கவரில் போடுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

பட்டுக்கு நேர்மாறு: பிளாஸ்டிக் கவர் ஆகாது, நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக்கூடாது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் கிழியும்.

முடிவெடுக்க முடியாதவற்றை ஒரே பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த தெவசம்வரை திறக்காதீர்கள்.