நான்கு விடையும் சரி போலத் தெரிந்தால் என்ன செய்வது? நர்சிங் தேர்வுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கோரிமேடு ஜிப்மரில் நர்சிங் ஆபீசர் ஆக வேண்டும் என்று படிப்பவர்கள் மருந்தளவுகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். மதிப்பெண் கைவிட்டுப் போவது "யாரை முதலில் பார்ப்பீர்கள்?", "எதை உதவியாளரிடம் ஒப்படைப்பீர்கள்?" போன்ற கேள்விகளில்தான்.

படி 1: கடைசி வரியை முதலில் படியுங்கள். 'தவிர', 'உடனடியாக', 'இன்னும் விளக்கம் தேவை' ஆகிய சொற்களில் கண் நிற்கட்டும். நோயாளிக்கு இன்னும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் பேச்சு எது என்று கேட்டால், தேட வேண்டியது தவறான வாக்கியத்தை. அவசரத்தில் சரியானதைக் குறித்துவிடுவதுதான் வழக்கமான பிழை.

படி 2: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். அது மட்டும் போதாது. எதிர்பார்த்த அறிகுறியா, புதிதாக வந்ததா என்றும் பாருங்கள். பல வருட சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்றால் பதற்றம் வேண்டாம். அவருக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே இலக்கு. நேற்று ஆபரேஷன் ஆனவர் திடீரென நிலைகொள்ளாமல் புரள்கிறார், அளவு அதே 90. இவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். நிலைகொள்ளாமை ஆக்சிஜன் குறைவின் ஆரம்ப அறிகுறி. வலி என்று நினைத்து ஊசி போடும் விடை, வைத்த பொறி.

படி 3: தகவல் போதவில்லை என்றால் 'மதிப்பிடு' என்ற விடை, ஆபத்து கண்முன் தெரிந்தால் 'செய்' என்ற விடை. ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம், முதுகுவலி வந்தால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. பிறகு புது டியூப் மாட்டி நார்மல் சலைன். பழைய டியூபிலேயே சலைன் விட்டால் அதில் மிச்சமிருக்கும் ரத்தமும் உள்ளே போய்விடும். டாக்டரை அழைப்பது அதன் பின்னால்தான். ரத்தப் பையையும் டியூபையும் குப்பையில் போடாமல் ரத்த வங்கிக்கு அனுப்புங்கள்.

படி 4: கற்பித்தல். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவருக்கு இன்சுலின் தொடங்குகிறது என்று வையுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங்கம்மா" என்றுதான் சொல்வார். அது சான்றாகாது. ஊசியைத் தானே போட்டுக் காட்டச் சொல்லும் விடையே சரி. "திறந்த பாட்டிலைப் படகிலேயே வச்சுக்கிறேன்" என்று அவர் சொன்னால் மறுபடி விளக்க வேண்டும்: வெயிலில் இன்சுலின் வீரியம் இழக்கும், ஃப்ரீசரில் உறைந்தாலும் வீண்.

படி 5: ஒப்படைப்பு. நிலையான நோயாளி, முடிவு முன்கூட்டியே தெரிந்த வேலை இரண்டும் சேர்ந்தால் கொடுக்கலாம்: குளிப்பாட்டுவது, சிறுநீர் அளப்பது, வழக்கமான பிபி. மதிப்பிடுவது, கற்பிப்பது, பலனைத் தீர்மானிப்பது நர்ஸிடமே இருக்கும். பக்கவாதம் வந்தவருக்கு முதல்முறை உணவு ஊட்டுவது எளிதாகத் தெரியும்; விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும். கொடுத்த வேலைக்கும் பொறுப்பு நர்ஸுடையதே. "பிபி பாருங்க" என்பது அரைகுறை உத்தரவு. "மேல் எண் 100க்குக் கீழே போனா உடனே வந்து சொல்லுங்க" என்பதே முழுமையானது.

அமெரிக்கப் பயிற்சிப் புத்தகங்களில் எல்பிஎன் என்று, பதிவுபெற்ற நர்ஸுக்கு ஒரு படி கீழே உள்ள உரிமம் பெற்ற நர்ஸ் பதவி ஒன்று வரும். நம் வார்டுகளில் அது கிடையாது. என்க்ளெக்ஸ் என்ற அமெரிக்க நர்சிங் உரிமத் தேர்வை எழுதாதவர்கள் அந்தக் கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.