நண்பர்களோடு அங்கோர்: மூன்று நாளில் பார்ப்பது எப்படி?

அங்கோரை ஒரே நாளில் பார்த்துவிட முடியாது. முயன்றால் மூன்றாவது கோயிலுக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி கல்லாகத் தெரியும். கம்போடியாவின் சியம் ரீப் ஊரை ஒட்டியுள்ள இந்தக் கோயில்களுக்கு ஒருநாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாள் டிக்கெட் 62 டாலர். மூன்று நாளும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. 10 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். நடுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பணம் வீணாகாது.

கோயில் வாசலில் டிக்கெட் கிடைக்காது. ஊரிலுள்ள அரசு டிக்கெட் அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ வாங்க வேண்டும். டிக்கெட்டில் அவரவர் படம் அச்சாவதால், அலுவலகத்தில் வாங்குவதானால் எல்லோருமே போயாக வேண்டும். விடியற்காலையில் அங்கே வரிசை நீளும். முந்தின நாள் மாலை ஐந்துக்கு மேல் போனால் மறுநாள் தேதியில் தருவார்கள்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா அவசியம். இ-விசாவை அரசுத் தளத்திலேயே எடுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் கூடுதலாகக் கறக்கும். சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் விமானம் மாறிப் போகலாம். பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டும் பழைய வழியை நம்பாதீர்கள். 2025-இல் இரு நாட்டுக்கும் மோதல் வந்தபோது அந்த எல்லை மூடப்பட்டது. 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம், ஒரு மணி நேரப் பயணம். நாலு பேர் என்றால் முன்கூட்டியே ஒரு வேன் பேசிவிடுங்கள்.

செலவெல்லாம் டாலரில்தான். 1, 5, 10 டாலர் தாள்களாக ஒரு பொதுப் பணப்பை வைத்து, ஒருவரே கணக்குப் பார்க்கட்டும். துளி கிழிந்திருந்தாலும் தாளை வாங்க மாட்டார்கள். சில்லறை பாக்கியை உள்ளூர் ரியாலில் தருவார்கள். சுமார் 4,000 ரியால் ஒரு டாலர்.

முதல் நாள் அங்கோர் வாட். காலை ஐந்துக்குத் திறக்கும், டார்ச் வேண்டும். கூட்டம் முழுக்க இடப்பக்கக் குளத்தின் கரையில் சூரிய உதயத்துக்காக நிற்கும். கோயில் மேற்கு பார்த்தது; அதனால் காலையில் கோபுரங்கள் கருநிழலாகவே தெரியும். கல்லின் நிறம் வேண்டுமானால் மாலை மூன்றரைக்கு மேல் வர வேண்டும்.

உதயம் முடிந்ததும் காலை உணவுக்குத் திரும்பாமல் நேராக உச்சித் தளத்தின் படிக்கட்டுக்குப் போய் நில்லுங்கள். ஒரே நேரத்தில் 100 பேரைத்தான் மேலே விடுவார்கள். எட்டு மணிக்கு மேல் வரிசை ஊர்ந்துதான் நகரும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பௌத்த விரத நாட்களில் உச்சித் தளம் மூடியிருக்கும். அவை மாதம் நான்கு: இரு அஷ்டமி, அமாவாசை, பௌர்ணமி. நம் தினசரிக் காலண்டரே வழிகாட்டும். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

இறங்கியதும் கீழே கிழக்குச் சுற்று மண்டபம். பாற்கடல் கடையும் காட்சி சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் ஓடுகிறது. அசுரர்கள் 92, தேவர்கள் 88, நடுவில் விஷ்ணு, அவருக்குக் கீழே ஆமை. காலை வெயில் தூண்களின் வழியே சாய்ந்து விழும்போது மீன்களின் செதில்கூடத் தெரியும். உச்சி வெயிலில் இதே சுவர் மந்தமாகிவிடும். மாலையில் மேற்கு வாசல் வழியாக நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் குருட்சேத்திரம். தொடக்கத்திலேயே, சற்று மேலே, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். இடப்பக்கம் திரும்பினால் இலங்கைப் போர். பத்துத் தலை, இருபது கையோடு ராவணன், அனுமன் தோளில் ராமன். வலம் வந்து பழகிய நம் கால் தானாக இடப்பக்கம் போகும். ஆனால் இங்கே சிற்ப வரிசை அப்பிரதட்சிணமாகத்தான் ஓடுகிறது, அப்படியே நடங்கள். சுவரைத் தொடாதீர்கள், கை பட்டுப் பட்டே பல உருவங்கள் கறுத்து வழுவழுத்துவிட்டன.

இரண்டாம் நாள், மரவேர்கள் விழுங்கிய தா புரோம் கோயிலுக்குத் திறக்கும் நேரமான ஏழரைக்கே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் வந்தால் நிற்க இடமிருக்காது. பிறகு, பெரிய முகங்கள் செதுக்கிய கோபுரங்கள் கொண்ட பாயோன் கோயில். இந்த இரண்டுக்கும் நம் ஆட்டோ போன்ற துக்-துக் போதும், ஆனால் நாலு பேருக்கு முட்டி இடிக்கும். இரண்டு வண்டி எடுப்பதே நல்லது.

மூன்றாம் நாள் பான்தியாய் ஸ்ரெய். கி.பி. 967-இல் குடமுழுக்கு ஆன சிறு சிவன் கோயில், ஊரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். தூரம், வெயில், துக்-துக் மூன்றும் சேர்ந்தால் அன்றைய நாளே போய்விடும், கார் எடுங்கள். இளஞ்சிவப்புக் கல்லில் இத்தனை நுணுக்கமான வேலை அங்கோரில் வேறெங்கும் இல்லை. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

போக ஏற்ற மாதங்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரலில் வெயில் கொளுத்தும், செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை. சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள். அதையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள்.