அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா: விவாதத்துக்குத் தயாராகும் முறை

பல ஆண்டுகளாக மாணவர்களை விவாத மேடைக்குத் தயார் செய்கிறேன். இந்தத் தலைப்பில்தான் குரல் சீக்கிரம் உயரும். பேசுகிற எல்லோரும் ஏதோ ஒரு பள்ளியில் படித்தவர்கள், தன் பள்ளியையே சாட்சிக்கு இழுப்பார்கள். அதனால் முதல் நாள் யாரையும் பேச விடுவதில்லை.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேலே ‘பணம் தருவது அரசா, பெற்றோரா’ என்றும் பக்கத்தில் ‘நடத்துவது அரசா, தனியாரா’ என்றும் எழுதுங்கள். அப்புறம் நாடுகளை நிரப்புங்கள். நெதர்லாந்து 1917இலேயே தனியார் நடத்தும் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் சமமாகப் பணம் தர அரசியலமைப்பில் வழி செய்தது. சிலி 1981இல் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அங்கே அரசுப் பணமும் போகும்படி மாற்றியது. சுவீடன் 1992இல் அதே வழியில் இறங்கியது. மூன்றும் ‘பணம் அரசுடையது, நடத்துவது தனியார்’ என்ற ஒரே கட்டத்தில்தான் விழும்!

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். சுவீடனில் பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சிலியில் அரசு தருவதற்கு மேல் வாங்கலாம், பிள்ளைகளைப் பொறுக்கியும் எடுக்கலாம் என்று இருந்தது. 2006இலும் 2011இலும் அங்கே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2015இல் வந்த சட்டம் அந்த இரண்டையும் படிப்படியாக நிறுத்தியது. ஆக, ‘தனியார்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. யாரைச் சேர்ப்பது, யாரை மறுப்பது என்று விதி என்ன சொல்கிறது? அதைக் கேளுங்கள்.

சரி, தேர்ச்சி விகிதம். ஒரு மாணவி ஒரு பள்ளியின் விளம்பரத் தாளை நீட்டி, “நூற்றுக்கு நூறு சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றாள். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். தேறாது என்று நினைத்த 30 பேரை ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். தேர்வு எழுதிய 70 பேரும் தேறினார்கள். நூறு சதவீதம்! அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள், சேர்ந்தவர் எண்ணிக்கை எங்கேயும் இல்லை. அந்த 30 பேரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் விகிதம் குறையத்தான் செய்யும்.

பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்விலும், 2018இல், இதைப் பார்க்கலாம். ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வசதியான நாடுகளின் பொருளாதார அமைப்பில் உள்ள நாடுகளின் சராசரியில், வாசிப்பில் தனியார் பள்ளி மாணவர்கள் முன்னால் நின்றார்கள். மாணவரின் குடும்ப வசதியையும் அவர் பள்ளியில் படிப்பவர்களின் வசதியையும் கணக்கில் எடுத்ததும் அரசுப் பள்ளி மாணவர்கள் முந்தினார்கள். எனக்கு இது பெரிய விஷயம். அதற்காக மோசமாக நடக்கும் அரசுப் பள்ளிக்கு இதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். ஆசிரியர் வராத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சராசரி எதற்கு?

1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவையும் முழுதாகப் படியுங்கள். தொடக்கக் கல்வி இலவசம் என்பதும் அங்கேதான் இருக்கிறது, எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு என்பதும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு வரியை மட்டும் எடுத்து வரும். மற்ற வரிக்குப் பதில் இல்லாமல் மேடை ஏறாதீர்கள்.

கடைசி ஒத்திகையில் அணிகளை மாற்றிவிடுவேன். நேற்று எதிர்த்துப் பேசியதை இன்று பத்து நிமிடம் ஆதரித்துப் பேச வேண்டும். எங்கே நாக்கு தடுமாறுகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அன்று ராத்திரி படியுங்கள்.