சாப்பாடு வீணாகுறத குறைக்கணுமா? ஓட்டல், கேண்டீன், கடை நடத்துறவங்க இந்த தப்புகள பண்ணாதீங்க

பெரிய தப்பே குப்பைத்தொட்டிய எடை போடாம விடுறதுதான். எந்த ஓனர கேட்டாலும் "எங்ககிட்ட பெருசா வேஸ்ட் ஆகாதுங்க"ன்னு சொல்வாங்க, பொய் சொல்லல, கவர் நெறஞ்சதும் கட்டி வெளிய வெச்சுடுறதால யாருக்குமே கணக்கு தெரியறதில்ல. ஒரே தொட்டியா வைக்காம நாலா பிரிங்க. ஸ்டோர்ல கெட்டுப்போனது, நறுக்கும்போது கழிச்சது, சமைச்சும் பரிமாறாம நின்னது, தட்டுல மிச்சமா திரும்பி வந்தது. ராத்திரி மூடுறதுக்கு முன்னாடி நாலையும் தராசுல வெச்சு நோட்டுல எழுதுங்க. ரெண்டு வாரம் எழுதுனா போதும், தப்பு ஆர்டர்லயா, கத்தி புடிக்கிற கையிலயா, சமைக்கிற அளவுலயா, பரிமாறுற அளவுலயான்னு அந்த நோட்டே சொல்லிடும்.

"வீடுகள்லதான் அதிகமா வீணாகுது, நாங்க என்ன பண்றது"ன்னு ஒதுங்குறதும் தப்பு. ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட 2024 அறிக்கைப்படி 2022ல உலகம் முழுக்க வீணானது 105 கோடி டன். 60 சதவீதம் வீடுகள்லதான், ஆனா ஓட்டல் கேண்டீன் மாதிரி இடங்கள்ல 28, சில்லறை கடைகள்ல 12, அந்த 40 யாரோடது? அதுவும் கோடிக்கணக்கான வீடுகள மாத்துறத விட ஒரு கிச்சன்ல ஒரு மேனேஜர் ஆர்டர் ஷீட்ட மாத்துறது எவ்வளவோ சுலபம்.

அடுத்தது ஸ்டாக். வண்டி வந்த அவசரத்துல புது சரக்க முன்னாடி அடுக்கிடுவாங்க, பழசு பின்னாடி கெடந்து அப்படியே கெட்டுப்போகும். தேதியையும் சரியா படிங்க, 'யூஸ் பை' பாதுகாப்புக்கு, அது தாண்டுனா தொடவே கூடாது, 'பெஸ்ட் பிஃபோர்' தரத்துக்குத்தான், அன்னைக்கே விஷமாகிடாது.

பஃபேல கடைசி அரை மணி நேரத்துல முழு ட்ரேய நிரப்புறது எனக்கு ரொம்ப வலிக்குற விஷயம், அதுல முக்கால்வாசி நேரா தொட்டிக்குத்தான் போகும். அந்த நேரத்துல சின்ன பாத்திரத்துக்கு மாத்துங்க. பரிமாறாம கிச்சன்ல நின்ன மிச்சத்த பெரிய பாத்திரத்தோட சூடா ஃபிரிட்ஜ்ல தள்ளாதீங்க, நடுவுல சூடு எறங்கவே எறங்காது. ஆழம் கம்மியான ட்ரேல பரப்பி 2 மணி நேரத்துல 60 டிகிரில இருந்து 21க்கும், அடுத்த 4 மணி நேரத்துல 5க்கும் கொண்டு வந்தா மறுநாள் தைரியமா எடுக்கலாம்.

கம்போஸ்ட் மெஷின் வாங்கிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறவங்களும் இருக்காங்க. கம்போஸ்ட் நல்லதுதான், ஆனா அது கடைசி படி. முதல்ல மிச்சமே ஆகாம பாக்கணும், மிச்சமாச்சுன்னா பசிச்சவங்களுக்கு, அதுக்கும் ஆகலன்னா கால்நடைக்கு, அப்புறம்தான் உரம்.

இன்னொன்னு, மீட்டிங்ல தட்டு கழுவுறவங்கள கூப்பிடவே மாட்டாங்க. எந்த ஐட்டம் தினமும் பாதி தட்டுலயே திரும்பி வருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், இன்னைக்கே போய் கேளுங்க.