ஐ2பி ரவுட்டரைக் கட்டளை வரியிலிருந்து பத்திரமாக நிறுத்துவது எப்படி

ஐ2பி ரவுட்டர் என்பது மேசைமேல் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டி அல்ல. கணினிக்குள் ஓடும் ஒரு மென்பொருள். ஐ2பி என்பது, பயன்படுத்துபவர் யார் என்பதை மறைத்து இணையத்தின்மேல் இயங்கும், 2003 முதல் வளர்ந்துவரும் அநாமதேய வலையமைப்பு. அதில் இணைந்த சிறிது நேரத்திலேயே, நம் சொந்தப் போக்குவரத்தோடு முன்பின் அறியாத பிறருடைய போக்குவரத்தும் நம் கணினி வழியாகக் கடக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இதை நிறுத்துவதை உலாவியை மூடுவது போன்ற காரியமாகக் கருத முடியாது.

ஐ2பி-யில் தரவு டனல் எனப்படும் ஒருவழிப் பாதைகளில் பயணிக்கிறது. ஒவ்வொரு டனலும் சில ரவுட்டர்களைக் கோத்து அமைக்கப்படுகிறது. அதன் ஆயுள் 10 நிமிடம். ஆயுள் முடிந்ததும் அது கலைந்து, வேறு ரவுட்டர்களைக் கொண்டு புதிய டனல் எழுகிறது. நாம் நடுவில் ஒரு கண்ணியாக இருக்கும்போது திடீரென்று காணாமற்போனால், அந்த டனலை நம்பியிருந்தவருடைய இணைப்பு அறுந்துபோகும். அவருடைய ரவுட்டரும் நம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ளும். எனவே முறையாக நிறுத்துவது என்றால், புதிய டனல் எதையும் ஏற்காமல், ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை தாமாகக் காலாவதியாகும்வரை காத்திருந்து விடைபெறுவது என்று பொருள். இதற்கு அதிகபட்சம் 11 நிமிடம் ஆகலாம். நம் வழியாகப் பிறருடைய டனல் எதுவும் செல்லாவிட்டால் உடனேயே முடிந்துவிடும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், ஐ2பிரவுட்டர் என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக உள்ளிட வேண்டும். நிறுவிக் கோப்பைப் பதிவிறக்கி அமைத்தவர்கள் முதலில் அந்த நிறுவல் கோப்புறைக்குள் சென்று, கட்டளைக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டியிருக்கும்.

முதலில் ‘ஐ2பிரவுட்டர் ஸ்டேட்டஸ்’ என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தெரிவிக்கும் ஒரு வரி அதன் செயல்முறை எண்ணோடு வரும். எந்தப் பயனர் பெயரில் தொடங்கினீர்களோ அதே பெயரில்தான் நிறுத்தவும் வேண்டும். ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, மாறிக்கொண்டு இந்தக் கட்டளையைக் கொடுத்தால், ரூட் பயனராக இயக்குவது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று ஐ2பிரவுட்டர் ஸ்கிரிப்டே மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தாண்டுவதற்கான வழியும் ஸ்கிரிப்டிலேயே உண்டு என்றாலும், அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

அடுத்து ‘ஐ2பிரவுட்டர் கிரேஸ்ஃபுல்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். டெர்மினல் எதைக் காட்டினாலும் வேலை முடிந்துவிட்டது என்று அப்போதே முடிவுகட்ட வேண்டாம். இன்னொரு சாளரத்தில், ரவுட்டரைத் தொடங்கி நிறுத்தும் ராப்பர் என்ற துணை நிரலின் பதிவுக் கோப்பான ராப்பர் லாக்கின் வால்பகுதியை ‘டெயில்’ கட்டளையால் பார்த்துக்கொண்டிருங்கள். ‘ராப்பர் ஸ்டாப்டு’ என்ற வரி கடைசியாக விழுந்த பிறகு, மறுபடி ஸ்டேட்டஸ் கேட்டால் ஓடவில்லை என்ற பதில் வரும். அந்தப் பதில் வந்த பிறகுதான் நின்றது என்று கொள்ள வேண்டும். காத்திருக்கும் இடைவேளையில் மனம் மாறினால், உலாவியில் 7657 என்ற போர்ட்டில் திறக்கும் ரவுட்டர் கன்சோலின் பக்கப்பட்டையில், எத்தனை நிமிடம் மீதமிருக்கிறது என்ற குறிப்போடு ரத்துசெய்யும் பொத்தானும் இருக்கும்.

டெபியன் லினக்ஸின் தொகுப்பாக நிறுவி, ஐ2பிஎஸ்விசி என்ற தனிப் பயனர் பெயரில் சேவையாக ஓடவிட்டிருப்பவர்களும் அதே கன்சோலைப் பயன்படுத்தலாம். சர்வர் வேறிடத்தில் இருந்தால், எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அந்தப் போர்ட்டை நம் கணினிக்குத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்துவது எளிது.

‘ஐ2பிரவுட்டர் ஸ்டாப்’ என்ற கட்டளையும் உண்டு. அது பிறருடைய டனல்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் தன் கோப்புகளை ஒழுங்காக எழுதி மூடிவிட்டே நிற்கும். யுபிஎஸ் கதறிக்கொண்டிருக்கும் வேளையில் இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. தவிர்க்க வேண்டியது ‘கில்’ கட்டளையோடு 9 என்ற சிக்னலை அனுப்புவதுதான். அது ரவுட்டரை ஓட்டும் ஜாவா இயந்திரத்தை அப்படியே வெட்டிவிடுவதால் இறுதிநேரச் சுத்திகரிப்பு எதுவும் நடப்பதில்லை. ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டு உடனே மீண்டும் தொடங்கியபோது, ஏற்கெனவே வேறொரு ரவுட்டர் ஓடிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது என்ற பிழைச்செய்தி எனக்குக் கிடைத்தது. செயல்முறைப் பட்டியலை எத்தனை தடவை புரட்டினாலும் அப்படி ஒன்றும் தென்படவில்லை. ரவுட்டர் பிங் என்ற சிறு கோப்பை ரவுட்டர் ஓடும்போது அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக நின்றால் அதை அழித்துவிடும். வெட்டுப்பட்டு நின்றதால் அந்தக் கோப்பு அங்கேயே கிடந்தது, அதன் நேரமுத்திரையும் ஒரு நிமிடத்துக்கு உட்பட்டதாக இருந்தது. வேறெதுவும் செய்யாமல் ஒரு நிமிடம் பொறுத்திருந்து தொடங்கியதும் சரியாகிவிட்டது.

கணினியையே அணைக்கப்போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் இயல்பான அமைப்பில் ஒரு சேவை நிற்பதற்கு 90 விநாடி மட்டுமே அவகாசம் தருகிறது. அதற்குமேல் பொறுக்காமல் கொன்றுவிடும். ஆகவே அணைக்கும் கட்டளையே ரவுட்டரையும் பக்குவமாக நிறுத்திவிடும் என்று எண்ணாமல், முதலில் கிரேஸ்ஃபுல், ஸ்டேட்டஸ் பார்த்த பிறகு பவர் ஆஃப் என்று செல்ல வேண்டும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னரே தொடங்கிவிட்டால் இந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டாகவே இருக்காது.

அதே வலையமைப்புக்காக சி++ மொழியில் எழுதப்பட்ட இன்னொரு ரவுட்டரான ஐ2பிடி-யை ஓட்டுபவர்களுக்கு மேற்கண்ட ஸ்கிரிப்ட் கிடையாது. அங்கே எல்லாம் சிக்னல்கள்தான். ‘சிக்இன்ட்’ அனுப்பினால் புதிய டனல்களை மறுத்துவிட்டு 10 நிமிடம், அதாவது 600 விநாடி, காத்திருந்து நிற்கும். ‘சிக்டெர்ம்’ அனுப்பினால் உடனே நிற்கும். இன்னும் நிற்கவில்லையே என்று பொறுமையிழந்து இன்ட் சிக்னலை இரண்டாம் முறை அனுப்பினால், காத்திருப்பைக் கைவிட்டு அப்போதே நின்றுவிடும் என்பதால், ஒருமுறை அனுப்பிவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவது உத்தமம். அதன் சிஸ்டம்டி சேவைக் கோப்பிலேயே, சிக்இன்ட் சிக்னலையும் 10 நிமிட அவகாசத்தையும் குறிக்கும் இரண்டு வரிகள் முன்னால் # குறி இடப்பட்டுச் செயலற்றுக் கிடக்கும். அந்தக் குறிகளை நீக்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் சிக்னல் வரியையும் அவகாச வரியையும் எடுத்துவிட்டு, ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுத்துவிட்டால், அதன்பின் வழக்கமான ஸ்டாப் கட்டளையே டனல்கள் முடியும்வரை காத்திருக்கும்.